முந்நூற்று முப்பது

முதல் விளக்கை அவள் கொன்றது ஒரே நொடியில்.
ஒன்பது வோல்ட் பேட்டரியின் இரு குமிழ்களில்
எல்இடியின் இரு கால்களையும் நேரே அழுத்தினாள்.
சிவப்பு ஒருமுறை வெளிறிச் சிரித்து,
கருகிய நகத்தின் வாசனையை விட்டுப் போனது.

ஒரூரோ.
தண்ணீர் அவசரப்பட்டுக் கொதிக்கும் மலையூர்.
பேருந்து நிலையத்தில் பகலெல்லாம்
கோச்சபாம்பாவுக்கும் லா பாஸுக்கும் சீட்டுக் கிழிக்கும்
செனோபியா கோல்கே
மாலை ஏழு மணிக்குத் தொழிற்பள்ளியின்
மூன்றாம் மேசைக்கு வருவது
பிசாசின் கண்களுக்காக.

திருவிழாவுக்கு இன்னும் பதினொரு வாரம்.
முகமூடி தயார்: கொம்பு, நெற்றியில் பல்லி, தகரப் பற்கள்.
கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டை.
கடையில் கண்ணுக்கு இருநூறு பொலிவியானோ கேட்டார்கள்.
"அந்தக் காசுக்கு நானே ஒரு பிசாசைப் படைப்பேன்" என்று
தெருவில் வைத்துச் சொல்லிவிட்டாள்.
வாய் சொல்லியாயிற்று, இனி கை பாடு.

ஆசிரியை ரமீராவுக்கு வயது இருபத்து மூன்று.
மாணவர்களில் அவளுக்கு இளையவர் யாருமில்லை.
செத்த விளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
"இதன் மேல் தப்பில்லை.
கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும்,
போதும் என்று சொல்லத் தெரியாது.
சொல்வதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் வை."

மின்தடை.
அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது,
இடுப்பில் வளையங்கள்: ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு.
முந்நூற்று முப்பது ஓம்.

(சில ஊர்களில் ஓம் என்றால் ஆமாம்.
இங்கே அது
எவ்வளவு மாட்டேன் என்பதன் அளவு.)

ஒன்பதில் இரண்டைக் கழி, மீதி ஏழை
இருபது மில்லி ஆம்பியரால் வகு.
"முந்நூற்று ஐம்பது வருகிறதே?"
"அது கடையில் கிடைக்காது. பக்கத்தில் இருப்பதை எடு."
ஜன்னலோரம் கேட்ட எத்தனை பேரை
நடு இருக்கையில் ஏற்றி அனுப்பியவள்!
உடனே புரிந்தது.

புரியாதது வேறு.
மீட்டரின் கறுப்பு முனையை மேசையில் கிடக்க விட்டு
சிவப்பை மட்டும் பேட்டரியில் வைத்தாள். பூஜ்யம்.
வேறொரு இடத்தில் வைத்தாள். பூஜ்யம்.
ஒரு புள்ளிக்குத் தனியாக அழுத்தம் கிடையாதாம்,
இன்னொன்றிலிருந்து பார்த்தால்தான் இத்தனை என்பதாம்.
வீடு திரும்பும் வண்டியில் அதையே மென்றுகொண்டிருந்து
இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டாள்.

பக்கத்து மேசையில் எலிசேயோ.
பதினாறு வருடம் மலைக்குள் வெள்ளீயம் வெட்டி
நெஞ்சு கட்டியதால் வெளியே வந்தவர்.
சால்டரிங் கம்பிச் சுருளை மூக்கருகே கொண்டுபோய்
எழுத்துக் கூட்டிப் படித்தார்:
வெள்ளீயம் அறுபது, காரீயம் நாற்பது,
செய்த நாடு கடலுக்கு அப்பால்.
"இதைக் கல்லாகப் பார்த்திருக்கிறேன்" என்றார்.
"சேறாக. தூசாக. இருமலாக.
உருகி முகம் பார்க்கிற மாதிரி ஆவதை
இன்றைக்குத்தான்."
சொட்டு ஒரு மூச்சு நேரம் மினுங்கி இறுகியது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
ரமீரா ஜன்னலைத் திறந்தாள், புகைக்காக.

ஒன்பதாம் வாரம்
செனோபியா மின்தேக்கியைத் திருப்பி மாட்ட,
அது வீங்கிப் பட்டென்று வெடித்தது.
எலிசேயோ மேசைக்கு அடியில் இருந்தார். சுரங்கப் பழக்கம்.
வெட்கத்தோடு எழுந்து
எல்லோருக்கும் ஊதாச் சோளக் கஞ்சி வாங்கித் தந்தார்.
சரியாக மாட்டியபோது
பொத்தானை விட்ட பின்னும் விளக்கு உடனே அணையவில்லை.
தேக்கியதைச் செலவழித்து,
கடைசிப் பேருந்து போன பின்
கவுண்டரில் அவள் கண் செருகுமே, அப்படிச் செருகியது.

ஊர்வலத்தன்று பாதி வழியில்
இடக்கண் எரிந்தது, வலக்கண் எரியவில்லை.
எங்கோ ஒரு பற்று விட்டிருக்கிறது.
நிற்க முடியாது, பின்னால் நூறு பிசாசுகள்.
குதித்தாள். எரிந்தது.
கால் ஊன்றினாள். மெல்லச் செருகியது.
"அந்தப் பிசாசு கண்ணடிக்குது!"
நடைபாதையில் ஒரு பொடியன் கத்த,
தெருவின் அந்தப் பக்கம் முழுக்கச் சிரிப்பு.
முன்னும் பின்னும் இருநூறு பொலிவியானோக் கண்கள்
இமைக்காமல் போய்க்கொண்டிருந்தன.

அடுத்த வாரம் மூன்றாம் மேசையில்
முகமூடியைப் பிரித்தார்கள்.
சூடு போதாமல் மங்கிக் கிடந்த ஒரு பற்று,
மயிரிழை விரிசல்.
"ஒரு நிமிட வேலை" என்று ரமீரா
சால்டரிங் கோலை நீட்டினாள்.

செனோபியா
அதை உடனே வாங்கிக்கொள்ளவில்லை.